படிவம் எழுதிய அப்பா

என் அப்பாவைப் பற்றி ஜேர்மன் மொழியில் மூன்று பிரதிகள் எழுதப்பட்டிருக்கின்றன. மூன்றையும் எழுதியவர்களை அவர் ஆளுக்கு ஒருமுறைதான் சந்தித்திருக்கிறார். முதலாவது, 1985இல் அகதி விண்ணப்பத்துக்காக நடந்த விசாரணையின் பதிவு. மற்ற இரண்டும் நாற்பது வருடம் கழித்து, ஒரே வருடத்துக்குள், முதியோர் பராமரிப்புக் காப்புறுதிக்காக எழுதப்பட்ட மதிப்பீட்டு அறிக்கைகள். கதை, நாவல் என்று வாசித்து அதைப் பற்றி எழுதுவது என் பழக்கம். அந்தப் பழக்கத்தில் இந்த அறிக்கைகளையும் பென்சிலோடு உட்கார்ந்துதான் வாசித்தேன். முதல் அறிக்கை அப்பாவுக்கு 25 புள்ளி கொடுத்தது. இரண்டாவது 55 கொடுத்தது. இடையில் ஏழு மாதம். அப்பா அந்த ஏழு மாதத்தில் கொஞ்சம் தளர்ந்தார், அது உண்மை. ஆனால் 30 புள்ளிக்குத் தளரவில்லை. மிச்சத்தை எழுதியது நான்.

அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

1

முதல் மதிப்பீட்டாளர் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை காலை. "ஆர் வருகினம்?" என்று அப்பா மூன்று தரம் கேட்டார். "காப்புறுதியில இருந்து ஒரு அம்மா வருவா, உங்களைப் பாக்க" என்று மூன்று தரமும் சொன்னேன். கலியாண வீடுகளுக்குப் போடும் வெள்ளைச் சட்டையை எடுக்கச் சொன்னார். அம்மா சவரம் செய்துவிட்டா. தெறி பூட்டிவிட்டதும் அம்மாதான். அந்தப் பெண் வந்து கதிரையில் இருந்து கணினியைத் திறந்தபோது, அப்பா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பத்து வருடமாக நான் காணாத நிமிர்வு அது.

அவர் கேட்டார், நான் மொழிபெயர்த்தேன். சட்டை நீங்களே போடுவீர்களா? "ஓம்." படி ஏறுவீர்களா? "ஏன் ஏலாது?" மருந்து? "நேரத்துக்கு எடுப்பன்." அம்மா குசினி வாசலில் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றா. இவரை யார் பார்த்துக்கொள்வது, வாரத்தில் எத்தனை மணித்தியாலம் என்று கேட்டதற்கு, "நான் என்ன பாக்கிறன், வீட்டு வேலைதானே" என்றா. அதையும் மொழிபெயர்த்தேன்.

இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டபோதுதான் எனக்கு நெஞ்சு இடித்தது. அப்பாவுக்குக் கிழமை பிடிபடாமல் போய் ஒரு வருடத்துக்கு மேல். அவர் ஒரு கணம் குசினிப் பக்கம் முகத்தைத் திருப்பினார். "வெள்ளி" என்றார். சரியான பதில். அன்று எங்கள் வீட்டில் மீன் மணக்கவில்லை. பருப்பும் கத்தரிக்காயும் மணந்தது. வெள்ளிக்கிழமை மரக்கறி. அவர் நாளை மூக்கால் கண்டுபிடித்தார்.

'காலம் பற்றிய உணர்வு: திறன் உண்டு' என்று அறிக்கையில் பதிவானது. அது பிழையா, சரியா? இன்றுவரை எனக்கு முடிவு இல்லை. நினைவு போன இடத்தில் துப்பறியும் புத்தி வந்து நின்றது. படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் கிடையாது.

2

கோபத்தில் அந்தப் படிவத்தைத் திட்டுவதற்குத்தான் வாசிக்கத் தொடங்கினேன். வாசிக்க வாசிக்க மரியாதை வந்தது. அதற்குக் காரணம் அதன் வரலாறு.

ஜேர்மனியில் பராமரிப்புக் காப்புறுதிச் சட்டம் 1994இல் வந்தது. 1995 ஜனவரியில் சந்தா பிடிக்கத் தொடங்கினார்கள், ஏப்ரலில் வீட்டில் பராமரிக்கப்படுவோருக்கு உதவி தொடங்கியது. முதலாளிமார் கட்டவேண்டிய பங்கை ஈடுசெய்ய ஒரு பொது விடுமுறையையே எடுத்துவிட்டார்கள். புரொட்டஸ்தாந்துக் கிறிஸ்தவர்கள் பாவம் வருந்தி மன்றாடும் நாள் அது. சக்சனி மாநிலம் மட்டும் அதை விட்டுக்கொடுக்காமல், தன் தொழிலாளரின் பங்கைக் கூட்டிக்கொண்டது. ஒரு நாடு தன் கிழவர்களுக்காக ஒரு நாள் கூடுதலாக வேலைக்குப் போனது. கதையில் எழுதினால் செயற்கை என்று நானே வெட்டியிருப்பேன்.

அந்தக் காலத்துப் படிவத்தின் அலகு நிமிடம். முழு உடம்பும் கழுவிவிட 20 முதல் 25 நிமிடம். பல் துலக்க 5. கையும் முகமும் கழுவ 1 முதல் 2. தலை சீவ 1 முதல் 3. இவை வழிகாட்டி அளவுகள். நாளுக்குச் சராசரி 90 நிமிட உதவி வேண்டும், அதில் 45 நிமிடத்துக்கு மேல் உடம்போடு சம்பந்தப்பட்ட உதவியாக இருக்கவேண்டும். அப்போதுதான் முதலாம் படிநிலை. மூன்றாம் படிநிலைக்கு ஐந்து மணித்தியாலம். வீடுகளில் நிமிடக் கணக்கோடு பராமரிப்பு நாட்குறிப்பு எழுதினார்கள். மறதிநோய் வந்தவர்களை இந்தக் கணக்கு சரியாகக் காணவில்லை. கை கால் இயங்கும், தானே சாப்பிடுவார், தானே கதவைத் திறந்து வெளியே போயும் விடுவார். அவர் பின்னால் நாள் முழுக்க நிற்கும் ஒருத்தியின் நேரம் எந்த நிமிடத்திலும் பெரிதாகச் சேரவில்லை.

2017இல் இதை மாற்றினார்கள். நிமிடம் போய்ப் புள்ளி வந்தது. மூன்று படிநிலை ஐந்தாகியது. கேள்விகள் ஆறு பகுதிகள்: நடமாட்டம், அறிவும் தொடர்பாடலும், நடத்தையும் உளநிலையும், தன்னைத் தானே பார்த்துக்கொள்ளல், நோயையும் சிகிச்சையையும் சமாளித்தல், அன்றாட வாழ்வும் சமூக உறவும். இவற்றில் உண்பது, கழுவுவது, கழிப்பறை போவது அடங்கிய பகுதிக்கு மட்டும் 40 விழுக்காடு நிறை. இரண்டாம் மூன்றாம் பகுதிகளில் எது கூடவோ அது மட்டும் எண்ணப்படும். 12.5 புள்ளியில் முதலாம் படிநிலை, 27இல் இரண்டாவது, 47.5இல் மூன்றாவது, 70இல் நான்காவது, 90இல் ஐந்தாவது.

இதன் மையச் சொல்லைத் தமிழில் அப்படியே பெயர்த்தால் 'தன் காலில் நிற்றல்' என்று வரும். பழைய படிவம், பராமரிப்பவருக்கு எவ்வளவு நேரம் செலவாகிறது என்று கேட்டது. புதியது, இந்த மனிதரால் எதைத் தானே செய்ய முடிகிறது என்று கேட்கிறது. கேள்வியின் எழுவாய் மாறிவிட்டது. இலக்கணத்தில் நடந்த சின்ன மாற்றம்தான். ஆனால் அப்பா போன்றவர்கள் அதனால்தான் கணக்கில் வந்தார்கள். நல்ல எழுத்தாளன் ஒரு பாத்திரத்தைத் திருத்தி எழுதுவதுபோல ஒரு அரசு தன் படிவத்தைத் திருத்தி எழுதியிருக்கிறது. இதை ஒத்துக்கொள்ளாமல் அந்தப் படிவத்தை விமர்சிக்க எனக்கு உரிமை இல்லை.

அதன் பலவீனமும் ஒரு பாத்திரப் படைப்பின் பலவீனம்தான். படிவத்து மனிதருக்கு இறந்தகாலம் இல்லை. நடமாட்டப் பகுதியில் உடம்பின் அசைவை மட்டும் பார்க்கவேண்டும். எங்கே போகிறோம் என்று அவருக்குத் தெரியுமா என்பது அங்கே வராது, வேறு பகுதியில் வரும். படி ஏறும் திறனைப் பார்க்கும்போது அந்த வீட்டில் படி இருக்கிறதா என்பது பொருட்டில்லை. எல்லாக் கிழவர்களையும் ஒரே தராசில் வைக்க இது தேவை என்று விளங்குகிறது. நீதி என்றால் இப்படித்தான் இருக்கவேண்டும் போல. ஆனால் ஆறாம் பகுதியில் ஒரு கேள்வி என்னை நிறுத்தியது: எதிர்காலத்தை நோக்கித் திட்டமிடுகிறாரா? இந்தப் படிவத்தை எழுதிய குழுவில் யாரோ ஒருவர் நாவல் வாசித்திருக்கவேண்டும் என்று ஓரத்தில் எழுதிவைத்தேன்.

3

25 புள்ளி என்றால் முதலாம் படிநிலை. அதில் வீட்டில் பார்ப்பவருக்கென்று மாதாந்தப் பணம் கிடையாது. இரண்டாம் படிநிலையில்தான் 347 யூரோ தொடங்குகிறது, மூன்றில் 599. அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. இரவில் நித்திரை இல்லை. ஒரு மாதத்துக்குள் ஆட்சேபம் எழுதலாம் என்று கடிதத்தின் கடைசிப் பத்தி சொன்னது. எழுதினேன். கூடவே நாட்குறிப்பும் எழுதத் தொடங்கினேன்.

என் வாழ்க்கையில் எழுதிய மிகச் சிறந்த எதார்த்தவாத உரைநடை அதுதான். உரிச்சொல் ஒன்றும் இல்லை. '02.10. எழும்பி அடுப்பைப் போட்டார். மனைவி நிப்பாட்டினார். 02.40. மறுபடி.' '07.30. சட்டைக்கு மேல் இன்னொரு சட்டை.' 'மருந்து: கையில் வைத்திருந்தார், விழுங்கவில்லை.' மதிப்பெண்ணுக்குரிய சொற்கள் எவை என்று எனக்கு விரைவிலேயே பிடிபட்டது. 'சில நேரம்' என்று எழுதக்கூடாது, வாரத்தில் எத்தனை தரம் என்று எழுதவேண்டும். 'கஷ்டப்படுகிறார்' என்றால் ஒன்றும் இல்லை. 'ஆரம்பிக்கிறார், முடிப்பதில்லை' என்றால் புள்ளி உண்டு. ஒரு வரி கூடப் பொய் எழுதவில்லை. ஆனால் அவர் பேரனோடு காகிதத்தில் வள்ளம் செய்த பின்னேரத்தை எழுதவில்லை. அவர் பாடியதை எழுதவில்லை. வெட்டியதால் மட்டுமே ஒரு பிரதி பொய்யாக முடியும் என்று விமர்சனக் கட்டுரைகளில் பலமுறை எழுதியவன் நான். அன்று கத்தரிக்கோல் என் கையில் இருந்தது.

இரண்டாம் மதிப்பீடு ஒரு செவ்வாய்க்கிழமை. இம்முறை அப்பா வெள்ளைச் சட்டை கேட்கவில்லை. கேள்வி வந்தது, அப்பா "ஓம், செய்வன்" என்றார். நான் அவர் சொன்னதை மொழிபெயர்த்துவிட்டு, ஜேர்மனில் சேர்த்துச் சொன்னேன்: இல்லை, அவரால் முடியாது. 'கான் எர் நிஷ்ட்.' அடுத்த கேள்வி. "ஓம்." கான் எர் நிஷ்ட். இப்படி ஒரு மணித்தியாலம். அப்பாவுக்கு ஜேர்மன் அவ்வளவாக வராது, இருபது வருடம் உணவகக் குசினியில் நின்றவர், அங்கே பாதிப்பேர் அவரைப் போலவே வந்தவர்கள். ஆனால் 1985இல் வந்திறங்கிய எந்தத் தமிழனும் முதல் கிழமையிலேயே கற்றுக்கொண்ட சொல் 'கான் நிஷ்ட்'. ஏலாது. வேலை செய்ய ஏலாது, வேறு ஊருக்குப் போக ஏலாது, பொறு. அந்தச் சொல்லை அவர் மறக்கவில்லை. நாலாவது 'கான் எர் நிஷ்ட்'டுக்குப் பிறகு அவர் "ஓம்" சொல்வதை நிறுத்திவிட்டார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு ஒவ்வொரு கேள்விக்கும், "பிள்ளை சொல்லும்" என்றார்.

நடமாட்டம் மாறவில்லை, அதே 2.5. மற்ற எல்லாம் கூடியது. 55 புள்ளி. மூன்றாம் படிநிலை. எங்களுக்கு வெற்றி.

1985இன் விசாரணைப் பதிவைப் பிறகு எடுத்து வாசித்தேன். அங்கேயும் ஒரு அலுவலர், ஒரு தட்டச்சு, ஒரு மொழிபெயர்ப்பாளர். அங்கே அவர் தன் பயத்தை நிரூபிக்கவேண்டியிருந்தது. பயப்படாத நாட்களை, கிணற்றடியில் சிரித்துக் கிடந்த நாட்களை அங்கேயும் யாரும் எழுதவில்லை. இரண்டு பிரதிகளும் ஒரே வகைமை. தீர்ப்புக்காகச் சொல்லப்படும் கதை. அந்த வகைமையின் விதி ஒன்றே ஒன்று: உன் மிகக் கெட்ட நாளைச் சொல்.

4

இந்த மனநிலையில்தான் ஆர்னோ கைகரின் புத்தகத்தைத் திரும்ப எடுத்தேன். ஆஸ்திரிய எழுத்தாளர். 2005இல் முதன்முதலாக வழங்கப்பட்ட ஜேர்மன் புத்தகப் பரிசைப் பெற்றவர். மறதிநோய் வந்த தன் தந்தை ஆகுஸ்டைப் பற்றி 2011இல் எழுதிய நூல் இது. தலைப்பைத் தமிழில் 'புகலிடத்தில் ஒரு கிழ அரசன்' என்று சொல்லலாம். புகலிடம் என்ற சொல்லைப் பார்த்ததும் எங்களில் எவருக்கும் கை நீளும்.

அதில் வரும் தந்தை, தான் தன் கையால் கட்டிய வீட்டில் இருந்துகொண்டே வீட்டுக்குப் போகவேண்டும் என்கிறார். பிள்ளைகள் முதலில் அவரைத் திருத்துகிறார்கள். அதற்கும் முதல், நோயென்றே தெரியாமல் பிடிவாதம் என்று கோபப்படுகிறார்கள். பிறகு மகன் திருத்துவதை விட்டுவிட்டு, தந்தை இருக்கும் உலகத்துக்குள் போய் அவரோடு கதைக்கப் பழகுகிறார். போரில் பிடிபட்டு, நோயோடு திரும்பி, இனி ஊரை விட்டு அசையமாட்டேன் என்று இருந்த இளைஞன் அந்தக் கிழவருக்குள் இருக்கிறான். படிவம் விட்டுவிட்ட இறந்தகாலம் முழுக்க இந்தப் புத்தகத்தில் இருக்கிறது.

முதல் வாசிப்பில் எனக்கு இது பெரிய புத்தகம். இரண்டாம் வாசிப்பில், இரண்டு அறிக்கைகளுக்குப் பிறகு, ஒரு உறுத்தல். அந்தத் தந்தை சொல்லும் குழம்பிய வாக்கியங்கள் பக்கத்துக்குப் பக்கம் ஞான மொழிபோல ஒளிர்கின்றன. கைகர் களைப்பை மறைப்பவர் இல்லை. ஆனால் எதை வைத்திருப்பது என்று தெரிவு செய்யும்போது அவருடைய காது அழகான வாக்கியத்தின் பக்கம் சாய்கிறது. என் அப்பாவின் பேச்சில் பத்தில் ஒன்பது அப்படி ஒளிராது. "ஆர் வருகினம்?" தான், முப்பது தரம். நான் கெட்ட நாட்களை மட்டும் எடுத்தேன். கைகர் நல்ல வரிகளைக் கூடுதலாக எடுத்தார். அவருடைய கத்தரிக்கோல் என்னுடையதைவிட அன்பானது, அவ்வளவுதான்.

இன்னொன்று. இந்தக் கதையில் அம்மா எங்கே? அந்தக் கேள்விக்கு வேறொரு நூல் வேண்டும். சவாகோ அரியோஷியின் ஜப்பானிய நாவல் 1972இல் வந்து பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. 'தி டுவைலைட் இயர்ஸ்' என்று ஆங்கிலத்தில் கிடைக்கிறது. வேலைக்குப் போகும் மருமகள் அகிகோ. மாமியார் திடீரென்று செத்துப்போகிறார், அதற்குப் பிறகுதான் மாமனாருக்கு மறதி முற்றிவிட்டது என்று வீட்டுக்குத் தெரியவருகிறது. அவர் தன் சொந்த மகனை அடையாளம் காணமாட்டார், மருமகளைக் காண்பார். அடையாளம் காணப்பட்டவள்தான் இரவில் எழும்பவேண்டும். கைகரிடம் இருக்கும் கவித்துவம் இதில் இல்லை. ஆனால் யார் கழுவினார்கள் என்பது ஒவ்வொரு அத்தியாயத்திலும் இருக்கிறது.

ஜப்பான் 2000 ஏப்ரலில் தன் பராமரிப்புக் காப்புறுதியைத் தொடங்கியபோது ஜேர்மனியைப் பார்த்துப் பல விஷயம் கற்றது. ஒன்றை வேண்டுமென்றே எடுக்கவில்லை: வீட்டில் பார்ப்பவர் கைக்குப் பணம். கொடுத்தால் மருமகள் வீட்டோடு கட்டிப்போடப்படுவாள் என்று பெண்கள் அமைப்புகள் எதிர்த்தன. அங்கேயும் மதிப்பீடு உண்டு. 74 கேள்விகள், கணினி அதை நிமிடமாக மாற்றும். 25 நிமிடத்துக்குக் கீழே ஒன்றும் இல்லை, 110க்கு மேலே உச்சப் படிநிலை. பிறகு ஒரு குழு, மருத்துவரின் குறிப்பையும், நேரில் வந்தவர் தன் சொற்களில் எழுதிய சிறப்புக் குறிப்புகளையும் வாசித்து முடிவு செய்யும். அவர் தனியாக இருக்கிறாரா, மருமகளோடு இருக்கிறாரா என்பது படிநிலையை மாற்றாது. முதலில் இது குருட்டுத்தனம் என்று நினைத்தேன். அகிகோவை நினைத்தபோது வேறு மாதிரி விளங்கியது. மருமகள் இருக்கிறாள், ஆகவே உதவி வேண்டாம் என்று இனி யாரும் சொல்லக்கூடாது என்பதற்கான குருட்டுத்தனம் அது.

எங்கள் வீட்டில் 599 யூரோ மாதாமாதம் வருகிறது. சட்டப்படி அது அப்பாவின் பணம், அவர் பெயருக்கு வரும், அவர் விரும்பினால் பார்ப்பவருக்குக் கொடுக்கலாம். அம்மாவிடம் இதைச் சொன்னபோது சிரித்தா. "அவற்ற காசை அவரிட்டயே வாங்கி அவருக்கே மீன் வாங்கிறன்" என்றா.

5

இப்போது எங்கள் பக்கம். புலம்பெயர் தமிழ்க் கதைகளில் வரும் கிழவர்களை நினைத்துப் பாருங்கள். ஒருவர் பனியில் யன்னலோரம் நின்று ஊரை நினைப்பார். இன்னொருவர் பிள்ளைகளால் கைவிடப்பட்டு முதியோர் இல்லத்தில் சாவார். அநேகமாக எல்லாக் கிழவர்களும் வீட்டுக்குப் போகவேண்டும் என்பார்கள், அந்த வீட்டில் வேம்பு இருக்கும், கிணறு இருக்கும். நானும் அப்படி இரண்டு கதை எழுதியிருக்கிறேன். அதுவும் ஒரு படிவம்தான். வாசகரின் தீர்ப்பு என்ன என்று முன்கூட்டியே தெரிந்து, அதற்குப் புள்ளி வரும் விபரங்களை மட்டும் நிரப்பிக் கொடுக்கிறோம்.

அப்பாவும் "வீட்ட போவம்" என்று சொல்வார். எனக்கு உடனே தொண்டை அடைக்கும். நாட்குறிப்பில் அதை 'இடம் பற்றிய குழப்பம்' என்று எழுதினேன். மனதுக்குள் 'தாயகம்' என்று எழுதினேன். ஒருநாள்கூட அவரிடம் எந்த வீடு என்று கேட்கவில்லை. இரண்டாம் அறிக்கை வந்த பிறகு, இனி எழுத ஒன்றும் இல்லை என்ற நிலையில், ஒரு இரவு கேட்டேன். "எந்த வீடு அப்பா?"

"மேல்மாடி. மூண்டாவது கதவு. குசினி பொது. எங்கட முறை இரவிலதான்."

1985இல் அவரைக் கொண்டுபோய் விட்ட அகதி முகாம். எட்டு அறைக்கு ஒரு அடுப்பு. பகலில் மற்றவர்கள். தமிழ்ப் பெடியளுக்கு நடுச்சாமம்தான் முறை கிடைத்ததாம். சோறு வடித்து, ஒரு சட்டியில் இருந்து ஐந்து பேர் சாப்பிடுவார்களாம். அவர் போகக் கேட்ட வீடு அது. இரவு 02.10க்கு அடுப்பைப் போட்டவர் தன் முறைக்கு எழும்பியிருக்கிறார். நான் அதை 'இரவு அமைதியின்மை' என்று கொடுத்தேன், அதற்குப் புள்ளியும் கிடைத்தது.

ஆட்சேபம் எழுதியதற்காக வருந்துகிறேனா என்றால், இல்லை. இன்னொரு தரம் வந்தாலும் அதே நாட்குறிப்பைத்தான் எழுதுவேன். அம்மா நித்திரை கொள்ளவேண்டும். அந்தப் பணத்தோடு, பராமரிப்புச் சேவையின் பெண் ஒருவர் இப்போது கிழமைக்கு மூன்று தரம் வருகிறார். தீர்ப்புக்காக எழுதப்படும் கதைகளைக் கேவலம் என்று சொல்ல, அப்படி ஒரு கதையால் 1985இல் தப்பிய மனிதரின் பிள்ளைக்கு வாய் வராது. எனக்கு வேண்டியது இவ்வளவுதான்: படிவத்துக்கு எழுதும்போது படிவத்துக்கு எழுதுவோம். கதைக்கும் கட்டுரைக்கும் வரும்போது அதே கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வராமல் இருப்போம். அங்கே வெட்டியதை எங்காவது ஓரிடத்தில் வைக்கவேண்டும்.

இரண்டாம் அறிக்கையில், 'எதிர்காலத்தை நோக்கித் திட்டமிடுதல்' என்ற கேள்விக்கு எதிரே 'சுயமாகச் செய்வதில்லை' என்று இருக்கிறது. போன வியாழக்கிழமை இரவு படுக்கப் போகும்போது அப்பா குசினி வாசலில் நின்று அம்மாவிடம் கேட்டார்: "நாளைக்கு மரக்கறிதானே? கத்தரிக்காய் வாங்கியாச்சோ?"

இதைக் காப்புறுதிக்கு எழுதமாட்டேன். இங்கே எழுதிவைக்கிறேன்.